நான்கு கட்டத்துக்குள் ஷெல்பி

ஷெல்பி சிரித்ததைக் கார்லா எழுதவில்லை. பின்னால் வந்த சங்கடமெல்லாம் அந்த ஒன்றிலிருந்துதான் புறப்பட்டது, அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கார்லாவின் மேல் அவசரப்பட்டுக் கோபம் கொள்ள வேண்டாம். அவள் கெட்டவள் இல்லை. ஷெல்பியைக் கைவிட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள்.

கார்லா நீமி எங்கள் ஏரிக்கரை ஊரில் மனநல ஆலோசகர். இரும்புச் சாமான் கடைக்குப் பின்னால் இருக்கிறதே, பழுப்புச் செங்கல் கட்டடம், அந்த ஆலோசனை மையத்தில் அவளுக்கு ஓர் அறை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தாதுக் கப்பல் நிற்கும் துறை தெரியும். வருகிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள், அழுவார்கள், சில பேர் சும்மா இருந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு கார்லா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும். அதை எழுதி முடித்தால்தான் அந்த ஒரு மணி நேரம் நடந்ததாகக் கணக்கு.

குறிப்புக்கு நான்கு கட்டங்கள் உண்டு. வந்தவர் சொன்னது முதல் கட்டம். ஆலோசகர் கண்ணால் கண்டது இரண்டாவது. அதிலிருந்து அவருக்குத் தோன்றுவது மூன்றாவது. இனி என்ன செய்வது என்பது நான்காவது. கேட்பதற்கு எளிது. ஆனால் அழுதுவிட்டுப் போன மனுஷியை, மத்தியானச் சாப்பாடு ஆறுவதற்குள் நான்கு கட்டத்தில் அடக்கிப் பாருங்கள், அப்போது தெரியும்.

அந்தக் குறிப்பை வந்தவர் படிப்பதில்லை. கேட்டால் காட்டத்தான் வேண்டும், ஆனால் யாரும் கேட்பதில்லை. படிக்கிறவர் எங்கோ தூரத்து ஊரில் இருக்கும் இன்ஷூரன்ஸ்காரர். அவரைத் திருப்தி செய்வது கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. ‘குணமாகிவிட்டாள்’ என்று எழுதினால், அப்புறம் எதற்கு வருகிறாள் என்று நிறுத்திவிடுவார். ‘குணமே தெரியவில்லை’ என்று எழுதினால், இந்தச் சிகிச்சை பலிக்கவில்லையே என்று அதையும் நிறுத்திவிடுவார். கொஞ்சம் தேறியிருக்கிறாள், ஆனாலும் முடியவில்லை, வேலையிலோ வீட்டிலோ குழந்தையிடமோ ஏதோ ஒன்று கெட்டுக்கொண்டிருக்கிறது என்று வாராவாரம் எழுத வேண்டும். அந்த மையத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

ஷெல்பி டுபே துறைமுகத்துக்குப் பக்கத்தில் புகைமீன் கடையில் வேலை செய்தாள். அவள் கோட்டைக் கழற்றி மாட்டினால் அறை முழுக்க மேப்பிள் விறகுப் புகையும் மீனும் மணக்கும். கணவன் ட்ரெவரோடு விவாகரத்து ஆகிவிட்டது. ஏழு வயது மகள் ஜூனி ஷெல்பியிடம் இருந்தாள். விவாகரத்துக்குப் பிறகு ஷெல்பியை ஒரு சோர்வு பிடித்துக்கொண்டது. அதற்காகத்தான் கார்லாவிடம் வந்தாள்.

ஆரம்பத்தில் கார்லா உள்ளதை உள்ளபடியே எழுதினாள். வசந்தத்தில் ஒரு வாரம் ஷெல்பி நன்றாக இருந்தாள். ‘இந்த வாரம் நிம்மதியாக இருக்கிறாள், சிரித்தாள்’ என்று கார்லா எழுதினாள். உடனே இன்ஷூரன்ஸ் நின்றுபோனது. கார்லா மேல்முறையீடு செய்து, தொலைபேசியில் காத்துக் கிடந்து, மறுபடி அனுமதி வாங்குவதற்குள் ஷெல்பி தடுமாறிப் போய்விட்டாள். ஒரு நாள் மதியம் வேலைக்குப் போகாமல் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அதை அவள் கார்லாவிடம் சொன்னபோது, கார்லா மனதுக்குள் ஒரு முடிவு செய்தாள். இனி இவள் சிரித்தால் எழுதக் கூடாது.

இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷெல்பி வந்து நாற்காலியில் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நேத்து எழுந்திருக்கவே முடியல கார்லா. அலாரம் அடிக்குது, கை மட்டும் போகுது, அத அமுக்குது, திரும்பி வந்து படுத்துக்குது. எனக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.”

“அப்புறம்?”

“அப்புறம் சமையலறையில டமால்னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா ஜூனி நாற்காலி மேல நிக்கிறா. தானே சீரியல் போட்டுக்கப் பாத்திருக்கா. பால் தரையெல்லாம் ஓடுது. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, ‘அம்மா, மிதிச்சிடாத, இது ஏரி’ங்கறா. ஒரு கரண்டிய அதுல விட்டு, ‘கப்பல் வருது, பாலத்தத் தூக்கு’ங்கறா!”

“நீ என்ன பண்ணே?”

“பாலத்தத் தூக்கினேன். வேற என்ன பண்றது? காலத் தூக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னேன்!”

ஷெல்பி சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. துண்டு துண்டாக மீதியைச் சொன்னாள். இரண்டு பேருமாகத் தரையைத் துடைத்தார்களாம். ஜூனிக்குத் தலை பின்னிவிட்டாளாம். பள்ளிப் பேருந்து போய்விட்டதால் இரவு உடைக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு காரில் கொண்டுபோய் விட்டாளாம்.

“டீச்சர் என் காலப் பாத்துட்டு, ‘மான் படம் போட்ட பேண்ட் நல்லாருக்கே ஷெல்பி’ங்கறா. பாவி!”

கார்லாவும் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவள் போன பிறகு கார்லா போன வாரக் குறிப்பை அப்படியே இழுத்து இந்த வாரத்துக்குள் போட்டாள். எல்லோரும் செய்வதுதான். பழையதை நகல் எடுத்துப் போட்டு, மாறியதை மட்டும் திருத்துவார்கள். முதல் கட்டத்தில், ‘படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்கிறாள். ஏழு வயதுக் குழந்தை தானே காலை உணவு எடுத்துக்கொண்டது’ என்று எழுதினாள். இரண்டாம் கட்டத்தில், ‘கண்ணீர் காணப்பட்டது’ என்று எழுதினாள். மூன்றாம் கட்டத்தில், ‘குழந்தையைக் கவனிப்பதில் சிரமம் நீடிக்கிறது’ என்ற வாக்கியம் போன வாரத்திலிருந்தே இருந்தது. அதை அவள் தொடவில்லை. நான்காவதில், ‘வாரம் ஒரு முறை தொடரும்.’

எல்லாம் நடந்ததுதான். ஒன்றுகூடப் பொய்யில்லை. கையெழுத்திட்டு மூடிவிட்டு, மத்தியானத்துக்கு வைத்திருந்த இறைச்சி பேஸ்டியை ஆறிப்போன பிறகு கடித்தாள்.

*

முதல் பனி விழுந்த வாரம் ஷெல்பி குதித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

“ட்ரெவர் கோர்ட்டுக்குப் போயிருக்கான் தெரியுமா? ஜூனி தன்னோட இருக்கணுமாம். புது வீடு கட்டிட்டானே, கராஜ் வேற இருக்கு, அவளுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. கராஜப் பாத்து எந்தப் புள்ளை வளர்ந்திருக்கு, சொல்லுங்க?”

“ஷெல்பி, உக்காரு. எப்ப விசாரணை?”

“வரும், வரும். நான் பயப்படவே இல்ல. என் வக்கீல் சொல்லிட்டார், நான் விடாம இங்க வர்றேனே, அதுவே பெரிய பலமாம். தன்னைப் பாத்துக்கற தாய்னு காட்டுமாம். உங்க குறிப்பெல்லாம் கோர்ட்டுக்குப் போகட்டும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். வாசல்லயே குடுத்துட்டுத்தான் வர்றேன்.”

கார்லாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“நீ படிச்சுப் பாத்தியா?”

“எதுக்கு? என்னைப் பத்தித்தானே. எனக்குத் தெரியாததா?” என்று சிரித்தாள் ஷெல்பி.

அந்த நேரத்தில் கார்லா சொல்லியிருக்கலாம். ‘கொஞ்சம் நில்லு, நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து படித்துவிட்டு அனுப்பலாம்’ என்று ஒரு வார்த்தை. சொல்ல வாய் வரவில்லை. அத்தனை சந்தோஷமாக ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, உன்னைப் பற்றி நான் மோசமாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வாள்? பதிவுகளைக் கவனிக்கும் பெண் அன்று மாலையே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் கார்லா கதவைச் சாத்திக்கொண்டு, ஷெல்பியின் குறிப்புகளை முதலிலிருந்து வரிசையாகப் படித்தாள். அதுவரை வாரத்துக்கு ஒன்றாகத்தான் பார்த்திருந்தாள். சேர்த்துப் படித்தபோது வேறொரு பெண் எழுந்து வந்தாள். எப்போதும் படுத்துக் கிடக்கிறவள். எப்போதும் அழுகிறவள். குழந்தையைக் கவனிக்காதவள். அந்த ஒரே வாக்கியம் ஒவ்வொரு பக்கத்திலும் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஏரிக்கரையில் கார் நின்ற மதியமும் அதில் இருந்தது. அது மட்டும் முழுசாக, விவரமாக எழுதப்பட்டிருந்தது. எழுதித்தான் ஆக வேண்டும், ஆபத்தை விட்டுவிடக் கூடாது. அன்று அங்கிருந்து வீட்டுக்கு வந்து ஜூனிக்கு மக்கரோனி சமைத்ததையும் ஷெல்பி சொல்லியிருந்தாள். அது எங்கேயும் இல்லை.

கார்லா எழுந்து வெர்னாவின் அறைக்குப் போனாள். வெர்னா கோஸ்கி அந்த மையத்தின் தலைவி. வாயில் எப்போதும் அதிமதுர மிட்டாய் ஒன்று உருண்டுகொண்டிருக்கும்.

“வெர்னா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்.”

“கல்யாணமா?”

“விளையாடாத.” கார்லா எல்லாவற்றையும் சொன்னாள்.

வெர்னா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். “எழுதினத மாத்த முடியாது. அழிச்சா அழிச்சதும் கம்ப்யூட்டர்ல நிக்கும்.”

“தெரியும். கூடுதலா ஒரு குறிப்பு சேர்க்கலாமில்ல?”

“சேர்க்கலாம். ஆனா சேர்த்த தேதி அது தலை மேலயே நிக்கும். வழக்கு வந்தப்புறம் எழுதினதுன்னு அந்தப் பக்கத்து வக்கீல் ஒரே வார்த்தையில தள்ளிடுவான். அதுவும் என்னன்னு சேர்ப்பே? ‘நல்லதையெல்லாம் வேணும்னே விட்டுட்டேன்’னா? இன்ஷூரன்ஸ்காரன் சும்மா இருப்பானா? உன்னோட எல்லாப் பதிவையும் கேப்பான். அப்புறம் என்னோடத. அப்புறம் மொத்த மையத்தையும்.”

“அந்தப் புள்ளை போயிடும் வெர்னா.”

“இந்த மையம் மூடினா இன்னும் எத்தனை பேர் ஏரிக்கரையில கார நிறுத்துவாங்க?”

வெர்னா பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். “எழுதணும்னா எழுது. நான் தடுக்கல. எங்கிட்ட முன்னாடியே கேட்டுட்டுத்தான் எழுதினேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத” என்றாள்.

*

ஷெல்பி தன் முறை இல்லாத நாளில் வந்தாள். வரவேற்பறையில் யாரோ “இருங்க, இருங்க” என்பது கேட்டது. அதற்குள் கதவு திறந்துவிட்டது. தொப்பியில் பனி. கையில் ஒரு கட்டுக் காகிதம். கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், ஏப்ரன்கூடக் கழற்றவில்லை.

“இது யாரு?” என்று கேட்டாள்.

“ஷெல்பி…”

“இல்ல, இந்தப் பொம்பள யாருன்னு கேக்கறேன். என் வக்கீல் ஃபோன் பண்ணி, ‘ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல’ங்கறார். என்னத்த சொல்லல? எனக்கே தெரியாதே! ‘ஏழு வயதுக் குழந்தை தானே காலை உணவு எடுத்துக்கொண்டது.’ கரண்டி எங்க போச்சு கார்லா? கப்பல் எங்க போச்சு? ‘கண்ணீர் காணப்பட்டது.’ நீங்களும்தானே சிரிச்சீங்க! உங்க மூக்கெல்லாம் சிவந்து போச்சு!”

“நல்லா இருக்கேன்னு எழுதினா உன்னை நிறுத்திடுவாங்க. வசந்தத்துல நிறுத்தினாங்களே, நீ பட்ட பாடு…”

“அப்ப எங்கிட்ட கேட்டிருக்கணும். ‘ஷெல்பி, ஒன்னைக் கொஞ்சம் மோசமா எழுதிக்கறேன், பரவாயில்லையா’ன்னு ஒரு வார்த்தை. சரின்னுதான் சொல்லியிருப்பேன், முட்டாள் மாதிரி. ஆனா வக்கீல்கிட்ட குடுத்திருக்க மாட்டேன்.”

அதில் மறுக்க ஒன்றும் இல்லை.

ஷெல்பி காகிதங்களை மேசையில் வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. “ஏரிக்கரையில நின்னத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்கம்மாகிட்ட சொன்னதில்ல. உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். இப்ப அத ட்ரெவர் படிச்சிட்டான். அவனோட வக்கீல் படிச்சிட்டான். அவன் ஃபோன்ல, ‘ஷெல்பி, நீ நல்லாருக்கியா’ன்னு கேக்கறான், பாவம் பாத்து! அந்தக் குரலத்தான் என்னால தாங்க முடியல. நான் சொல்லாமலே இருந்திருந்தா ஜூனி எங்கூட இருந்திருப்பா. அப்படித்தானே?”

“நீ எங்கிட்ட சொன்னதுல தப்பே இல்ல ஷெல்பி. நான் எழுதினதுதான் கோணல்.”

“வந்து சொல்லுங்க அப்ப. கோர்ட்டுக்கு வந்து.”

“வர்றேன்” என்றாள் கார்லா.

அன்று சாயங்காலம் அவள் கூடுதல் குறிப்பு எழுதினாள். தரையில் ஓடிய பாலிலிருந்து மான் படம் போட்ட பேண்ட் வரைக்கும், நினைவில் இருந்ததையெல்லாம். நான்கு கட்டத்தில் எதில் போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் முதல் கட்டத்திலேயே போட்டாள். தேதி தானாகவே தலைப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

*

விசாரணை சின்ன அறையில் நடந்தது. நீள மேசை, அறையைச் சூடாக்கிக் கடகடக்கும் ரேடியேட்டர், தண்ணீர்க் கூஜா. நீதிபதி வயதான அம்மாள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். ட்ரெவர் சுரங்க வேலைக்காரன். கழுத்துப் பட்டி இறுக்குவதால் அடிக்கடி விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டிருந்தான். ஷெல்பி ஒருத்தரையும் பார்க்கவில்லை.

ட்ரெவரின் வக்கீல் இளைஞன், மரியாதையாகத்தான் பேசினான்.

“‘குழந்தையைக் கவனிப்பதில் சிரமம் நீடிக்கிறது.’ இது ஒவ்வொரு வாரமும் வருதே. நீங்க எழுதினதுதானேம்மா?”

“ஆமா.”

“உண்மைதானா?”

“அத முதல்ல எழுதின வாரம் உண்மை. மத்த வாரமெல்லாம் முந்தின வாரத்துலேர்ந்து இழுத்துப் போட்டது.”

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். “இழுத்துப் போட்டதுன்னா?”

“நகல் எடுத்துப் போட்டதும்மா. நாங்க அப்படித்தான் செய்யறது. அந்த வாக்கியம் இல்லேன்னா இன்ஷூரன்ஸ் நின்னுடும்.”

“அப்ப இன்ஷூரன்ஸுக்குப் பொய் சொன்னீங்க” என்றான் இளைஞன்.

“பொய் எழுதல. அவ நல்லா இருந்ததையெல்லாம் விட்டுட்டேன்.” கார்லா அந்தக் காலை நேரத்தை முழுவதும் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். ஷெல்பி ஒற்றைக் காலில் நின்ற இடத்தில் நீதிபதியின் உதடுகூட லேசாக அசைந்தது.

“அழகாச் சொன்னீங்க. இது குறிப்புல இருக்கா?”

“கூடுதல் குறிப்புல இருக்கு.”

“அது வழக்கு போட்டப்புறம் எழுதினது. நான் கேக்கறது ஒண்ணுதாம்மா. உங்கள நாங்க எப்ப நம்பறது? பணம் வரணும்னு எழுதினப்பவா, புள்ளை போயிடும்னு பேசறப்பவா?”

நேர்மையான பதில் எது என்று கார்லாவுக்கே அப்போது தெரியவில்லை. “இப்ப சொல்றதுதான் முழுசு” என்றாள் கடைசியில். அது அவள் காதுக்கே பலவீனமாக விழுந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். “இவங்க பேச்ச அப்படியே எடுத்துக்கவும் முடியல, எழுதினதத் தள்ளவும் முடியல. ஏரிக்கரை விஷயம் சின்ன விஷயமில்ல” என்றார். பள்ளி நாட்களில் ஜூனி தகப்பனிடம் இருக்க வேண்டும். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை தாயிடம். ஷெல்பி ஆலோசனைக்குத் தொடர்ந்து போக வேண்டும். அந்தக் குறிப்புகள் கோர்ட்டுக்கு வர வேண்டும். கோடையில் மறுபடி பார்க்கலாம்.

நடைபாதையில் ட்ரெவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். ஜெயித்த முகமாக இல்லை.

“ஷெல்பி… அவளோட பனிப் பேண்ட் எங்க இருக்கு? நாளைக்கு ஸ்கூலுக்கு வேணுமே.”

“ரேடியேட்டர் மேல காயுது” என்றாள் ஷெல்பி. “இடது பக்கம் ஜிப் மாட்டிக்கும். மெதுவா இழு, இல்லேன்னா கத்துவா.”

“சரி.”

“கத்தினா நீ பதிலுக்குக் கத்தாத.”

“மாட்டேன் ஷெல்பி.”

கார்லா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். ஷெல்பி அவளைத் தாண்டிப் போனாள், கோட்டின் மீன் வாசம் மட்டும் பக்கத்தில் வந்து போயிற்று.

வாரக் கடைசிக்குள் இன்ஷூரன்ஸிலிருந்து மையத்துக்குக் கடிதம் வந்தது. கார்லாவின் பதிவுகள் எல்லாம் வேண்டும் என்று. வெர்னா அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “நீ போய்ச் சொன்னது சரிதான்னு தோணுது. போகாம இருந்திருக்கலாம்னும் தோணுது. ரெண்டும் ஒரே நேரத்துல தோணுது, அதான் தலைவலி” என்றாள். பிறகு, “என் குறிப்பையும் நேத்து உக்காந்து படிச்சேன்டீ. படிச்சிருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

கிறிஸ்துமஸ் கழிந்து ஷெல்பி வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

“வேற யாராவது கிடைப்பாங்களான்னு பாத்தேன். எல்லா இடத்துலயும் கோடை வரைக்கும் காத்திருக்கணுமாம். வேற ஆள் இல்லேன்னுதான் வந்திருக்கேன். தப்பா நினைச்சுக்காதீங்க. நினைச்சாலும் பரவாயில்ல.”

“நினைக்கல. உக்காரு.”

“ஒரு நிபந்தனை. எழுதறத நான் இருக்கும்போதே எழுதுங்க. எனக்குத் தெரியற மாதிரி.”

கார்லா கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். நாற்காலியை இழுத்து அருகில் போட்டாள். பழைய குறிப்பை இழுத்துப் போடாமல் புதிதாக ஒன்றைத் திறந்தாள். நான்கு கட்டமும் வெள்ளையாக இருந்தன.

“இந்த வாரம் எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு. எழுதுங்க. நல்லாத் தூங்கினேன். வேலைக்குப் போனேன். ஜூனி வந்தா, பான்கேக் செஞ்சோம்.”

கார்லா எழுதினாள். ஷெல்பி ஒவ்வொரு எழுத்தாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை அவள ட்ரெவர் வீட்டுல விட்டுட்டு…” என்று ஆரம்பித்தாள். குரல் அந்தப் பழைய ஷெல்பியின் குரல். கண் திரைக்குப் போனது. நிறுத்திக்கொண்டாள். “ஒண்ணுமில்ல.”

கார்லா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “விட்டுட்டு?”

“சொன்னா எழுதுவீங்களா?”

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட எத்தனை எளிது! கார்லா அப்படிச் சொல்லவில்லை. “உன் உயிருக்கு ஆபத்துன்னா எழுதித்தான் ஆகணும், மறைக்க மாட்டேன். மத்ததுல உனக்குத் தெரியாம ஒரு வரி இருக்காது. அதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண முடியாது” என்றாள்.

“செத்துப் போற விஷயமெல்லாம் இல்ல. பயப்படாதீங்க.” ஷெல்பி சுவரைப் பார்த்தாள். “ஆனா கோடையில இத ஜட்ஜம்மா படிப்பாங்க. அந்த வக்கீல் பையன் படிப்பான். ட்ரெவர் படிச்சிட்டு மறுபடி அந்தக் குரல்ல ஃபோன் பண்ணுவான்.”

“ஆமா.”

“அப்ப நாம பனியப் பத்திப் பேசுவோம். போன வாரம் எவ்வளவு விழுந்துச்சு பாத்தீங்களா? எங்க வீட்டுப் படியே காணோம்.”

பனியைப் பற்றிப் பேசினார்கள். துறைமுகத்தில் ஐஸ் எப்போது இறுகும், வீட்டைச் சூடாக்கும் எண்ணெயின் விலை எப்படி ஏறியிருக்கிறது, கடையில் புதிதாக வந்திருக்கும் மீன்காரன் எப்படிப் பேத்துகிறான் என்றெல்லாம். ஷெல்பி நன்றாகத்தான் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்த கார்லாவுக்கு, மூடிய கதவுக்கு வெளியே நின்று உள்ளே நடமாடும் சத்தத்தைக் கேட்பதுபோல் இருந்தது.

நேரம் முடிந்தது. “மீதியையும் எழுதுங்க, பாக்கறேன்” என்றாள் ஷெல்பி.

இரண்டாம் கட்டம். கண்ணால் கண்டது. கார்லா எழுதினாள். ‘மகளை விட்டுவிட்டு வந்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.’ மூன்றாம் கட்டத்தில், ‘பேசப் பயப்படுகிறாள். இந்தப் பயம் அவளுடைய நோய் இல்லை. முன்பு நான் எழுதிய விதத்தால் வந்தது’ என்று எழுதினாள்.

ஷெல்பி படித்தாள். உதடு அசையப் படித்தாள், திரும்பவும் மேலே போய்ப் படித்தாள்.

“இத இன்ஷூரன்ஸ்காரன் பாத்தா உங்க வேலை?”

“ஏற்கனவே எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. போனாலும் போகும்.”

“கோர்ட்டுல எனக்கு இது நல்லதா கெட்டதா?”

“தெரியல ஷெல்பி. நிஜமாவே தெரியல.”

ஷெல்பி கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினாள். அந்த வரியை எடுங்கள் என்று சொல்வாள் என்று கார்லா விரலைத் தயாராக வைத்திருந்தாள். அவள் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. குனிந்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள். அது இன்னும் காலியாக இருந்தது.

“இங்க என்ன எழுதுவீங்க?”

“இனிமே என்ன செய்யறதுன்னு. நீதான் சொல்லணும்.”

ஷெல்பி கையுறைகளை மாட்டிக்கொண்டாள். “அடுத்த செவ்வாய்க்கிழமை வரேன்னு போடுங்க” என்றாள். “பேசுவேன்னு போடாதீங்க.”

கார்லா அப்படியே போட்டாள்.